அம்மாவின் தைராய்டு மாத்திரையும் ஐந்தரை மணிக் காபியும்

மூன்று வருடத்துக்குப் பிறகு இந்தத் தை மாதம் இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்து கும்பகோணம் போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தேன். கோயில், கல்யாணம் எல்லாம் உண்டு. ஆனால் பாதி நாள் போனது அம்மாவின் தைராய்டோடுதான். வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தது. 75 ஆகி, 100 ஆகி, போன தீபாவளிக்கு 125 ஆகியிருந்தது. இத்தனைக்கும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 9.8, இருக்கவேண்டியதைவிட ரொம்ப அதிகம். கால் வீக்கம், மலச்சிக்கல், மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் அசதி என்று எதுவும் குறையவில்லை. "தைராய்டு ஏறிக்கிட்டே போகுது, மாத்திரை கேக்கல" என்று தம்பி போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த "தைராய்டு ஏறிடுச்சு" என்ற பேச்சே எல்லாரையும் குழப்புகிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பி சுரப்பது இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால், "இன்னும் சுர" என்று பிட்யூட்டரி விரட்டும். அந்த விரட்டல்தான் டி.எஸ்.எச். ஆக, அம்மாவுக்கு ஏறியது விரட்டல். ஹார்மோன் குறைந்துதான் இருந்தது. 125 மைக்ரோகிராம் உள்ளே போயும் ஏன் குறைகிறது என்பதுதான் கேள்வி.

நான் ஊருக்குப் போன மூன்றாம் நாள் ரத்தம் எடுக்க லேபில் இருந்து ஒரு பையன் காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்தான். புது ஊசியை எங்கள் கண் முன்னால் பிரித்தான், குழாயில் பெயரை எழுதி அம்மாவிடமே வாசித்துக் காட்டினான். டி3, டி4 என்ற தைராய்டு ஹார்மோன்கள், டி.எஸ்.எச். என்று மூன்றுக்கும் 450 ரூபாய். சாயந்தரம் ரிப்போர்ட் வாட்ஸாப்பில் வந்துவிட்டது. எனக்கும் தைராய்டு குறைபாடு உண்டு. இங்கிலாந்தில் இந்தக் குறைபாடு இருப்பவர்களுக்கு மருந்துச்சீட்டுக் கட்டணம் கிடையாது, அது பெரிய வசதிதான். ஆனால் ரத்தம் எடுக்க எனக்குத் தேதி கிடைக்கவே பத்து நாள் ஆகும். அந்த வகையில் ஊரில் கிடைக்கும் வேகத்தை மனசாரப் பாராட்டுகிறேன்.

மருந்துக் கடையிலும் அப்படித்தான். 12.5 மைக்ரோகிராமில் இருந்து ஏறுவரிசையில் எல்லா அளவிலும் லீவோதைராக்சின், அதாவது இந்தத் தைராய்டு மாத்திரை, வைத்திருக்கிறார்கள். நூறு மாத்திரை கொண்ட புட்டி இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் சீட்டைக் கேட்கவில்லை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. உறையில் "காலை" என்ற கட்டத்தில் ஒரு டிக், பக்கத்தில் "சாப்பாட்டுக்கு முன்". அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. சமையலறையில் அம்மா டிகாக்‌ஷன் இறக்கி, பாலைக் காய்ச்சி, டபராவில் ஆற்றிக்கொண்டிருந்தார். அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டில், காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், மாத்திரைப் புட்டி. ஒன்றை எடுத்து வாயில் போட்டு, சுடச்சுடக் காபியை ஊற்றி விழுங்கினார். அப்புறம் இன்னொரு அட்டையில் இருந்து வெள்ளையாக, நீளமாக ஒரு கால்சியம் மாத்திரை. அதுவும் அதே காபியில்.

"அம்மா, வெறும் வயித்துல சாப்பிடணும்னு டாக்டர் சொல்லலையா?"

"வெறும் வயித்துலதானே சாப்பிடறேன்? காபி குடிச்சா வயிறு நிறைஞ்சதா ஆயிடுமா? டிபன் எட்டரைக்குத்தான்."

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. நம் வீட்டில் காபி என்றைக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வந்தது? "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருந்தது, அதன்படியே நான்கு வருடம் ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறார்.

ஆனால் இந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் காபி குறைக்கும். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் இன்னும் மோசம், குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காபிக்குக் குறைந்தது அரை மணி, ஒரு மணி நேரம் என்றால் நல்லது. சூடும் ஈரமும் வெளிச்சமும் மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும் என்பதால், அடுப்புக்கு மேலே வைப்பதும் கூடாது.

அளவை ஏற்றிக்கொண்டே போன மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அறை வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு முறை, "எதோட விழுங்கறீங்க?" என்று யாராவது கேட்டிருக்கலாம். மருத்துவர், மருந்துக் கடை, போனில் தினமும் பேசும் நான் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானே இருபது வருடமாக இதே மாத்திரையை வெறும் தண்ணீரோடு சாப்பிடுகிறவள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தஞ்சாவூரில் ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினோம். இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "காலையில எத்தனை மணிக்குக் காபி குடிப்பீங்கம்மா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கால் மணி நேரம் பேசினார். கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டோடு மாற்றினார். மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் காபியைத் தள்ளிப்போட முடியுமா என்றதற்கு அம்மா தரையைப் பார்த்தார். "சரி, ராத்திரிக்கு மாத்திக்கலாம்" என்றார் டாக்டரம்மா. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுத்தாலும் நன்றாக வேலை செய்யுமாம். அம்மா ஏழு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார், படுப்பது பத்துக்கு. சிக்கல் தீர்ந்தது.

அப்புறம் நான் யோசிக்காத ஒன்றைச் சொன்னார். இனி முழு மாத்திரையும் உடம்பில் சேரும், அதனால் 125 அதிகமாகிவிடும். இந்த வயதில் ஹார்மோன் அதிகமானால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். உடனே 100க்குக் குறைத்து, ஆறு வாரம் கழித்துத்தான் அடுத்த பரிசோதனை என்றார். இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம். அவசரப்பட்டு எடுத்தால் சரியான அளவு தெரியாது.

தம்பி மகளையும் கூட்டிப்போயிருந்தோம். அவளுக்கு டி.எஸ்.எச். 0.2 என்று ரொம்பக் குறைவாக வந்து வீடே பயந்துபோயிருந்தது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாள். பயோட்டின் சில லேப் கருவிகளின் சோதனை முறையிலேயே குறுக்கிட்டு டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தோம். 2.1. அவளுக்குத் தைராய்டு கோளாறே இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எதிர்வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "இதை எப்ப போடறீங்க பாட்டி? சாப்பிட்டா, சாப்பிடாமலா? எங்க வெச்சிருக்கீங்க, காட்டுங்க" என்று கேட்டதை நானே பார்த்தேன். மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிக்கூடப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நான் கும்பிடு போட்டேன்.

நான் இருக்கும் நியூகாசிலில்தான் 1891இல் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு, தைராய்டு குறைபாட்டால் நலிந்திருந்த 46 வயதுப் பெண் ஒருவரைப் பிழைக்கவைத்தார். அந்தப் பெண் 28 வருடம் அதே மருந்தில் வாழ்ந்தார். அதற்கு எண்ணூறுக்கு மேல் ஆடுகள் தேவைப்பட்டன. இன்று அதே வேலையைச் செய்யும் மாத்திரை நாளுக்கு இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது வயிற்றிலேயே வீணாகிறது என்றால் மனசு ஆறவில்லை.

ஊரில் அம்மா அப்பா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். "ஒழுங்கா சாப்பிடறியா" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். எத்தனை மணிக்கு, எதோடு விழுங்குகிறார்கள், கூடவே வேறென்ன மாத்திரை, புட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தப்பு தெரிந்தால் நீங்களே மாற்றிவிடாமல் மருத்துவரிடம் சொல்லி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன வாரம் தம்பி ரிப்போர்ட் அனுப்பினான். டி.எஸ்.எச். 1.2. டாக்டரம்மா மாத்திரையை 88க்குக் குறைத்திருக்கிறார். புட்டி இப்போது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் செம்போடு இருக்கிறது. கால் வீக்கம் வடிந்து, கழற்றிவைத்திருந்த மெட்டியைத் திரும்பப் போட்டுக்கொண்டதாக அம்மா சொன்னார். ஐந்தரை மணிக் காபியில் மாற்றம் ஏதும் இல்லை.