பொம்மை நோயாளியின் படுக்கையருகே இரண்டு நாள்

அவசர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பிரிவிலிருந்து மூன்று மருத்துவர்களும் நான்கு செவிலியர்களுமாக ஏழு பேர், நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்து அவசர நிலைகளை நடித்துப் பழகும் ஒரு சிமுலேஷன் பயிற்சி மையத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தோம். தங்கள் குழுவையும் அங்கே அனுப்பலாமா என்று வேறு மருத்துவமனைகளில் பணியாற்றும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால், எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்பதை விரிவாக எழுதுகிறேன். அனுப்பலாம், ஆனால் முதல் நாள் வகுப்பு நடந்த விதத்திலேயே இரண்டாம் நாளும் நடக்குமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள்.

மையத்தில் இருவகை மேனிகின்கள் (பயிற்சிப் பொம்மைகள்) உண்டு. ஒன்று, மார்பு ஏறி இறங்க மூச்சு விடும், ஒளி பட்டால் கண்பாவை சுருங்கும், கழுத்திலும் மணிக்கட்டிலும் நாடி துடிக்கும் முழு உருவப் பொம்மை. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பயிற்றுநர் அதன் ரத்த அழுத்தத்தை இறக்குவார், "மூச்சு முட்டுது சிஸ்டர்" என்று அதன் குரலாகப் பேசுவார். கணினியால் இயங்கும் இவ்வகையின் முன்னோடி, 1960களின் பிற்பகுதியில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துப் பயிற்சிக்காக உருவான 'சிம் ஒன்'. மற்றது தலையும் மார்பும் மட்டுமே உள்ள எளிய பொம்மை. நார்வேயில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் கொண்டுவந்த 'ரெசசி ஆன்' வழிவந்தது. முதல் வகையைக் காட்டித்தான் மையம் விளம்பரம் செய்கிறது. முதல் நாள் காலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததோ இரண்டாவதுதான். இதயம் நின்றவரின் மார்பைக் கைகளால் அழுத்தும் நெஞ்சழுத்தம் பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலும் இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் பொம்மையோடு இணைந்த திரையில், இரண்டாவது நிமிடம் முடியும்போது என் ஆழம் 4 செ.மீ.யாகக் குறைந்திருந்தது. நான் களைத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியும் முன்பே திரைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதியை, இன்னும் கொஞ்சம் தாங்குவேன் என்று சொல்லி இத்தனை ஆண்டுகள் எத்தனை முறை தள்ளிப்போட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது மனம் கனத்தது.

பிற்பகலில் நடந்த பயிற்சிக்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைக்கிறேன். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளிக்கு இளைப்பு வருகிறது. ரத்த அழுத்தம் 70/40க்கு இறங்குகிறது. கடும் ஒவ்வாமை என்பது உள்ளே நுழைந்தவுடனேயே எங்கள் அனைவருக்கும் புரிந்துவிட்டது. அட்ரினலின் 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். இதில் யாருக்கும் ஐயம் இல்லை. குழுத் தலைவராக நின்ற மருத்துவர் மானிட்டரைப் பார்த்தபடியே "அட்ரினலின் போடுங்க" என்றார். நான் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தேன். மருந்து டிராலியருகே நிற்கும் இளைய செவிலியர் எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ, மூத்தவளான என்னிடம் சொல்லப்பட்டது என்று நினைத்தார். பின்னர் வீடியோவில் பார்த்தால், மருந்து கேட்கப்பட்ட நொடிக்கும் ஊசி தொடையில் இறங்கிய நொடிக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கும் மேல் கழிந்திருந்தது. அந்த நேரத்தில் எங்களில் ஒருவர்கூடச் சும்மா நிற்கவில்லை.

அதன்பின் வட்டமாக உட்கார்ந்து பேசிய நாற்பது நிமிடத்தில் பயிற்றுநர் "யார் தவறு" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "இந்த நொடியில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், என்ன நினைத்தீர்கள்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டார். விமானிகளின் குழுப் பயிற்சியிலிருந்து மயக்கவியல் துறைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் காபா. ஒரு விமானியறையில் துணை விமானி வாய் திறக்கத் தயங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியே அதன் வேர். எங்கள் வட்டத்திலும் அதுதான் வெளிவந்தது. "ஆம்பூல் (கண்ணாடி மருந்துக் குப்பி) என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் போடட்டுமா என்று கேட்க நினைத்தேன். டாக்டர், அக்காவிடம் பேசுகிறார் என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிட்டேன்" என்றார் அந்த இளைய செவிலியர். மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பேர் சொல்லிக் கேட்டிருக்கணும். இனிமேல் கேட்கிறேன்" என்றார். ஒன்றாக வேலை பார்த்த ஆறு ஆண்டுகளில் எங்கள் வார்டில் இப்படியொரு உரையாடலுக்கு இடம் கிடைத்ததே இல்லை.

அதே காட்சியை மறுபடியும் நடத்தினார்கள். இம்முறை பெயர் சொல்லி மருந்தும் அளவும் கேட்கப்பட்டன; பெயர் சொல்லப்பட்டவர் அதைத் திருப்பிச் சொன்னார்; போட்டு முடித்ததும் "போட்டாச்சு" என்று உரக்கச் சொன்னார். ஊசி இறங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாம் நாள் இந்த நேர்த்தி குலைந்தது. மாலைக்குள் நான்கு காட்சிகளை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒவ்வொன்றுக்கும் பின் பேச ஐந்து நிமிடம்தான் மிஞ்சியது. குழந்தையின் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவத்தை அப்படி ஓட்டிவிட்டுப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி மடக்குவது, அடிவயிற்றின் கீழே முன்பக்க இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்துவது, தலையைப் பிடித்து இழுக்காமல் இருப்பது ஆகியவற்றைச் செய்து பார்த்தோம். எங்கே தடுமாறினோம் என்று பேசவில்லை. இந்தப் பயிற்சி குழந்தைகளைக் காக்கும் என்பதற்குச் சான்றே இருக்கிறது: பிரிஸ்டல் நகரின் சௌத்மீட் மருத்துவமனையில் மகப்பேறு ஊழியர் அனைவருக்கும் இது கட்டாயமாக்கப்பட்டபின், தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் சேர்ந்தே பயின்றார்கள். ஆண்டுதோறும் பயின்றார்கள்.

இன்னொரு குறை சிறியதாகத் தோன்றலாம். முதல் நாள் ஆம்பூலை உடைத்து, லேபிளைப் படித்து, சிரிஞ்சில் ஏற்றினோம். இரண்டாம் நாள், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, பெயர் ஒட்டிய சிரிஞ்சுகளில் மருந்தை முன்பே நிரப்பி வைத்திருந்தார்கள். உண்மையான வார்டில் கை நடுங்குவது அந்த ஆம்பூலை உடைக்கும்போதுதான். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும் இரு ஆம்பூல்களில் தவறானதை எடுப்பதும் அப்போதுதான். அந்த நொடிகளை நீக்கிவிட்டால், இல்லாத வேகம் இருப்பதாக நம்பிக்கொண்டு வீடு திரும்புவோம். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிபிரிலேட்டரும் எங்களுடையதிலிருந்து வேறு மாதிரி. பொத்தான்களைத் தேடுவதிலேயே கவனம் போனது. நோயாளியின் தோல் சில்லிட்டு வியர்த்திருப்பதைப் பொம்மையால் காட்ட முடியாது என்பதை மட்டும் குறையாகச் சொல்லமாட்டேன். பயிற்றுநர் அதை அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லி ஈடுசெய்தார்.

அனுப்புகிறவர்களுக்கு: ஒரே வார்டில் சேர்ந்து வேலை செய்பவர்களைச் சேர்த்தே அனுப்புங்கள். மருத்துவர்களுக்கு ஒரு தேதியும் செவிலியர்களுக்கு வேறொரு தேதியும் வாங்கினால், எங்களுக்குக் கிடைத்த அந்த வட்டம் உங்களுக்குக் கிடைக்காது. காட்சிகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் பின் குறைந்தது அரை மணி நேரம் பேச ஒதுக்கச் சொல்லுங்கள். உங்கள் வார்டில் உள்ள அதே மாதிரி டிபிரிலேட்டரை ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

கையில் கொடுத்த சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும் என்கிறது. நெஞ்சழுத்தப் பழக்கம் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும் என்பதால், எங்கள் பிரிவில் ஒரு எளிய பொம்மையை வாங்கி மருந்து அறையின் ஓரத்தில் வைத்திருக்கிறோம். இரவுப் பணிக்கு வருபவர்கள் பொறுப்பேற்கும் முன் ஆளுக்கு இரண்டு நிமிடம் அழுத்துகிறார்கள். நேற்று என் ஆழம் 5.2 செ.மீ.