வால்வு மாற்றம்: வீட்டில் எதுவரை, பட்டறையில் எதிலிருந்து?

கார் எஞ்சினின் வால்வுகளை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் கதவுகளை, வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கோளாறு வால்வில்தான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? இழுவை குறைந்தது, எஞ்சின் ஒரு பக்கம் தட்டுகிறது என்றதும் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுகிறோம். வால்வுகள் அமர்ந்திருக்கும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகுதான், தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் என்பது தெரியவருகிறது.

முதல் போட்டி, இரண்டு சோதனைகளுக்கு இடையே. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டர் எளிது. ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட். அந்த ‘அல்லது’தான் சிக்கல். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கசிவைத் தேடும் சோதனைக்குக் கம்ப்ரஸர் வேண்டும் என்றாலும், அது மழுப்பாமல் பதில் சொல்லும். சைலன்சர் குழாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே போகும் வழியில் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். என் ஓட்டு இதற்கே. அதற்கும் முன், டாப்பெட் இடைவெளியை (வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) ஒருமுறை அளந்துவிடுங்கள். இடைவெளி இறுகிப்போனாலும் வால்வு முழுவதுமாக மூடாது. திருகிச் சரிசெய்யும் வகை எஞ்சினில் அது சில நிமிட வேலை.

நெடுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்தால், பெரும்பாலும் குற்றவாளி வால்வு அல்ல, அதன் தண்டில் இருக்கும் சிறிய ஆயில் சீல். அதை ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். அதற்காக வால்வைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கை எடுத்தால் வால்வு உள்ளே சரியும் அல்லவா? அதைத் தாங்க இரண்டு வழிகள் உண்டு. அழுத்தக் காற்று ஒன்று. பிளக் துளை வழியே நைலான் கயிற்றை விட்டு, பிஸ்டன் அதை வால்வோடு சேர்த்து நெருக்கும் வரை, பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்கைக் கையால் சுற்றுவது இன்னொன்று. காற்றுக் குழாய் நழுவினால் வால்வும் நழுவும். கயிறு நழுவாது, மறுமுனை வெளியே தொங்கட்டும், அவ்வளவுதான்.

ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் மூன்று வழிகள்: பழைய வால்வையே உராய்வுப் பேஸ்ட் வைத்துத் தேய்ப்பது, புதிய வால்வை வாங்கிப் பழைய சீட்டில் (வால்வின் விளிம்பு உட்காரும் வளையம்) தேய்த்து உட்கார வைப்பது, ஹெட்டைப் பட்டறைக்கு அனுப்பி கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்), சீட் இரண்டையும் சீராக்கிப் புதிய வால்வு போடுவது.

தேய்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ரப்பர் குமிழ் வைத்த குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துப் போல உருட்ட உருட்ட, கறுத்துக் கிடந்த விளிம்பில் சாம்பல் நிற வளையம் பளிச்சென்று தெரியவரும். அந்த வளையத்தை நம்பித்தான் நான் ஏமாந்தேன். பழைய எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றைத் தேய்த்தேன்; மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் வைத்தேன்; ஒரு சொட்டும் கசியவில்லை. சில மாதங்களில் அதே சிலிண்டர் மறுபடி தட்டியது. கழற்றிப் பார்த்தால் விளிம்பில் ஒரு துண்டு எரிந்து போயிருந்தது. கைடு தேய்ந்திருந்ததை நான் அளக்கவே இல்லை. தண்டு ஆடினால் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட் வழியாகவே இறக்குகிறது. சரியாக உட்காராத இடத்தில் சூடு இறங்க வழியில்லை, உலோகம் எரிகிறது. மேசைமேல் அசையாமல் இருக்கும் வால்வு மண்ணெண்ணெயைத் தாங்கியது, ஓடும் எஞ்சினைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

ஆகவே தேய்ப்பது மேலோட்டமான குழிகளுக்கு மட்டுமே. வளைந்த தண்டு, ஆழமான குழி, மெலிந்த விளிம்பு ஆகியவற்றுக்கு அது மருந்தல்ல. மேற்பூச்சு உள்ள சில புதுவகை வால்வுகளில் பேஸ்டை வைக்கவே கூடாது.

இரண்டாவது வழி, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தவர்களை ஈர்க்கும். வளைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் அதே மோதலில் கைடும் விரிசல் கண்டிருக்கலாம். கைடு நல்ல நிலையில், சீட் வட்டம் குலையாமல் இருந்தால் இது நியாயமான வழி. அதை அளந்து உறுதிசெய்ய நுண் அளவுக் கருவி வேண்டும். பேசுவது மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளைப் பற்றி.

மூன்றாவதில் பட்டறைக்காரர் முதலில் கைடைச் சரிசெய்வார், பிறகு அதையே மையமாக வைத்துச் சீட்டை வெட்டுவார். வழக்கமாக மூன்று கோணங்கள்: 30, 45, 60 பாகை. வால்வு உட்காரும் பட்டை இன்டேக்கில் ஏறக்குறைய 1 முதல் 1.5 மி.மீ.; சூட்டை இறக்க வேண்டிய எக்ஸாஸ்டில் சற்று அகலம். கையால் சுற்றும் சீட் கட்டர்கள் கிடைக்கின்றன, ஆசை காட்டும். ஒரு சுற்று கூடுதலாக வெட்டினால் வால்வு உள்ளே அமிழும், தண்டின் முனை மேலே எழும், டாப்பெட் இடைவெளி காணாமல் போகும். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. நான் வாங்கவில்லை.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஹெட்டை வாங்கிப் பொருத்துவதும் உண்டு. அதையும் பிரித்து அளக்கத்தான் வேண்டும். அப்படியானால் நம் ஹெட்டே மேல்.

கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டில், வெட்டுவது பட்டறையில் என்பதே என் பங்கீடு. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பல தவணையாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி. முறுக்கிய பிறகு பாகைக் கணக்கில் திருப்பச் சொல்லும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறைக்குத்தான், புதியவை வாங்குங்கள். அட்டையில் துளையிட்டு எண் எழுதி வால்வுகளை வரிசையாகக் குத்தி வைக்கலாம். சில எக்ஸாஸ்ட் வால்வுகளின் தண்டுக்குள் சோடியம் இருக்கும். ஆர்வக்கோளாறில் அறுத்துப் பார்க்க வேண்டாம், ஈரம் பட்டால் தீப்பிடிக்கும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் சாவியைத் தொடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது இரும்பில் இரும்பு முட்டுவதுபோல் நின்றால் டைமிங் தவறியிருக்கிறது. கை அங்கேயே நின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் நிற்காது, புதிய வால்வை வளைத்துவிட்டுத்தான் ஓயும். நான் நான்கு சுற்று சுற்றுகிறேன்.