பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத்தான் இப்போது குழப்பம்: விண்டோஸ் 11-க்குப் போவதா, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவதா?

தகுதி
விண்டோஸ் 11: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ரூஃபஸ் என்ற, நிறுவல் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருளை வைத்து இந்தச் சோதனையைத் தாண்டலாம். ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது.
மின்ட்: 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி.

வேகம்
விண்டோஸ் 11: 4 ஜிபி ரேம் என்பது பெயரளவுக்குத்தான். குரோமில் நாலு டேப் திறந்தாலே திணறும்.
மின்ட்: எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற எளிய திரை அமைப்போடு வரும் பதிப்பு லேசானது.
எதைப் போட்டாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள். பாதி வியாதி அதிலேயே தீரும்.

மென்பொருள்
விண்டோஸ் 11: டாலி, போட்டோஷாப், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் வம்பில்லாமல் வேலை செய்யும்.
மின்ட்: லிப்ரே ஆபிஸ் கூடவே வரும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துருவை நிறுவினால் சரியாகத் தெரியும். அட்டவணைகள் கொஞ்சம் இடம் மாறலாம்.

செலவு
மின்ட் இலவசம். விண்டோஸ் 11-உம், தகுதியுள்ள விண்டோஸ் 10 லேப்டாப்புக்கு இலவசமே.

டாலியில் கணக்கு எழுதுபவர், ஆடிட்டர் அலுவலகக்காரர் விண்டோஸிலேயே இருங்கள். தகுதியில்லாத லேப்டாப் என்றால் வேறு வாங்குவதே மேல். பிள்ளைகள் படிக்க, யூடியூப் பார்க்க, மெயில் அனுப்ப என்றால் தயங்காமல் மின்ட். முதலில் மின்ட்டை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபையும் ஒலியும் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு நிறுவலாம்.