பாயின்டர் அறுந்தால்: ஒட்டுவதா, திரும்பக் கோப்பதா?

காரைக்குடியில் லேப் தேர்வு நெருங்கினால் பக்கத்து வீட்டுத் தம்பி தவறாமல் கேட்கும் கேள்வி இது. டபுளி லிங்க்டு லிஸ்டில் (இரு திசையிலும் கோத்த தகவல் பட்டியலில்) பாயின்டர், அதாவது பக்கத்து உறுப்பின் முகவரி, கெட்டால் அங்கேயே சரிசெய்து ஒட்டலாமா, எல்லாவற்றையும் புதிதாகக் கோக்கலாமா?

செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போகலாம். பின்வாசலிலிருந்து திரும்பியும் வரலாம். லிஸ்டும் அப்படித்தான்: ஒவ்வொரு கட்டும் ஒரு நோடு (உறுப்பு); முன்னே போக நெக்ஸ்ட் பாயின்டர், திரும்பி வர பிரீவ் பாயின்டர். முதல் நோடு தலை, கடைசி நோடு வால்.

நினைவகம்
ஒட்ட: இரண்டு மூன்று மாறிகள் போதும்.
கோக்க: எல்லா முகவரியும் வேண்டும். 64 பிட் கணினியில், முகவரிக்கு 8 பைட் வீதம், 10 லட்சம் நோடுக்கு 80 லட்சம் பைட்.

நேரம்
ஒட்ட: ஒரே நடை.
கோக்க: வரிசைப்படுத்தவும் வேண்டுமென்றால் கூடும்.

நம்பகம்
ஒட்ட: நெக்ஸ்ட் முழுசாக இருந்தால் தலையிலிருந்து நடந்தபடியே பிரீவை எழுதிவிடலாம். பிரீவ் மட்டும் முழுசாக இருந்தால் வாலிலிருந்து நடந்து நெக்ஸ்டை எழுதலாம். ஆனால் நெக்ஸ்ட் பின்னால் திரும்பி வளையமாகிவிட்டால் நடை முடியவே முடியாது. அதனால் முதலில் ஆமை-முயல் சோதனை: ஒரு பாயின்டர் ஒவ்வொரு நோடாகவும் இன்னொன்று இரண்டிரண்டாகவும் நடக்கும்; இரண்டும் சந்தித்தால் வளையம். (தம்பி இதை மறந்துதான் லேப்பில் மாட்டிக்கொண்டான்.)
கோக்க: வளையப் பயம் இல்லை. ஆனால் நோடுகள் ஒரு அரேயில் (நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களில்) இருந்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது? ஒரு திசை நன்றாக இருந்தால் ஒட்டுங்கள். இரு திசையும் ஒரே இடத்தில் மட்டும் அறுந்திருந்தாலும் இரு முனையிலிருந்தும் நடந்து, நின்ற இடங்களை முடிச்சுப் போடலாம். பல இடத்தில் அறுந்திருந்தால் கோப்பதுதான்.