வாசலில் என்னோடு நிற்கும் மெட்டல் டிடெக்டர்

நான் நீதிமன்ற அமீன். வாரத்தில் மூன்று நாள் சம்மனும் நோட்டீஸும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். மீதி நாள் நீதிமன்ற வாசலில் பாதுகாப்பு வேலை. அந்த வேலைக்காகப் போன வருடம், கையில் பிடித்துச் சோதிக்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தார்கள். முழங்கை நீளம், தட்டையான மட்டை மாதிரி இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வைப்ரேஷன். பழைய கருவி எதைக் கண்டாலும் கத்தும். ஜீவனாம்ச வழக்குக்கு வந்த ஒரு பெண்ணின் மேல் அது அலறியபோது, வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அதில் எதிர்த்தரப்புக்காரர்களும் இருந்தார்கள். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இருந்தது வெறும் சாவிக்கொத்து. இப்போது என் உள்ளங்கை மட்டும் அதிரும். "பையில என்ன இருக்கும்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டால் போதும். நீதிமன்றத்துக்கு வருபவர் ஏற்கெனவே பயந்துபோய் வருகிறார், அவரை வாசலிலேயே கூனிக்குறுக வைக்கக் கூடாது.

முதல் வாரம் இந்தக் கருவியைத் தப்பாக நினைத்துவிட்டேன். யாருடைய காலுக்குக் கொண்டுபோனாலும் அதிர்ந்தது. கோளாறு கருவியில் இல்லை, கான்கிரீட் தரைக்குள் இருக்கும் கம்பியில். இப்போது ஒரு மர முக்காலி போட்டு, அதன்மேல் காலைத் தூக்கி வைக்கச் சொல்கிறேன். அப்புறம் தொந்தரவே இல்லை.

சென்சிட்டிவிட்டியைத் திருகி மாற்றலாம். மிகக் கூட்டி வைத்தால் பேன்ட் பொத்தானுக்கெல்லாம் அதிரும். குறைத்தால் சின்ன பிளேடு தப்பிவிடும். அதனால் தினமும் காலையில் சட்டைப் பையில் ஒரு பேனாக்கத்தியைப் போட்டுக்கொண்டு, கூட வேலை செய்பவரை என்மேல் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். அது அகப்பட்ட பிறகுதான் கதவைத் திறப்போம்.

குறை என்றால் பேட்டரி மூடி. 9 வோல்ட் பேட்டரியை மூடும் பிளாஸ்டிக் கொக்கி நான்காவது மாதமே உடைந்துவிட்டது. உத்தரவாதத்தில் வராது என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன். தினமும் நூற்றுக்கணக்கான முறை தூக்கி இறக்கும் பொருளுக்கு இவ்வளவு மெல்லிய மூடி வைத்தது எனக்குக் கோபம்தான்.

பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலோ ஆசிடோ வந்தால் எந்த மெட்டல் டிடெக்டருக்கும் தெரியாது. அதற்குக் கண்தான் வேண்டும். தண்ணீர் பாட்டில் என்றால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வேன். பாக்கெட்டை விட்டுக் கையை எடுக்காதவரைத் தனியாகக் கவனிப்பேன். பேஸ்மேக்கர் வைத்திருப்பதாக யாராவது சொன்னால் மார்புப் பக்கம் கருவியைக் கொண்டுபோவதே இல்லை, கையால் தடவிப் பார்த்து அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். சில வாரங்களுக்கு முன்னால் நான் சம்மன் கொண்டுபோனபோது வாங்க மறுத்தவர். கதவில் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். என்னை அடையாளம் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். முழங்காலுக்குக் கருவி போனதும் அதிர்ந்தது. "ஐயா, ஆபரேஷன் ஏதாவது…?" என்று மெதுவாகக் கேட்டேன். பதில் சொல்லாமல் வேட்டியை விலக்கி முழங்காலைக் காட்டினார். நீளமான தழும்பு, மாற்று மூட்டு. "சரிங்க ஐயா, உள்ள போங்க" என்றேன். பக்கத்தில் நின்ற யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு வந்தபோது, நான் சொல்வதற்கு முன்பே அந்தக் காலை முக்காலிமேல் வைத்துவிட்டு, "வலது கால்ல இருக்கு, தம்பி" என்றார்.