ஆர்ச் சப்போர்ட் இன்சோல்: ஜெல்லா, கெட்டி ஈ.வி.ஏ.வா?

‘ஆர்ச் சப்போர்ட்’, அதாவது பாத வளைவுக்குத் தாங்கல், என்று அட்டையில் போட்டு விற்கும் ஜெல் இன்சோல்களில் (ஷூவுக்குள் போடும் உள்தட்டு) பல வெறும் மெத்தைதான். பாத வளைவுக்குக் கீழே வரும் மேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொசுக்கென்று அமுங்கினால், உடல் எடை ஏறியதும் அந்த மேடு இருந்த இடமே தெரியாது. காசு தண்டம்.

கெட்டியான ஈ.வி.ஏ. (நுரை போன்ற ஒருவகை பிளாஸ்டிக்) அடிப்பாகம், அல்லது அடியில் 2–3 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தகடு வைத்த வகை உண்மையிலேயே தாங்குகிறது. இதிலும் மேட்டைவிட முதலில் பார்க்கவேண்டியது குதிகால் குழி. அது ஆழமில்லாவிட்டால் குதிகால் உள்பக்கம் சரியும்; மேடு எவ்வளவு உயரமாக இருந்தாலும் பாதம் அதன்மேல் உருண்டுவிடும். மேட்டின் உச்சி, கணுக்காலுக்கு முன்னே உள்பக்கம் துருத்தும் எலும்புக்கு நேர்கீழே வரவேண்டும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் அது முன்னே நகர்ந்து, பெருவிரல் மூட்டுக்குப் பின்னால் குத்தும். ‘போகப் போகப் பழகிடும்’ என்று கடைக்காரர் சொல்வார். இந்தக் குத்தல் பழகாது.

ஷூவில் ஏற்கெனவே இருக்கும் இன்சோலைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் போடவேண்டும். இரண்டையும் அடுக்கினால் குதிகால் மேலேறி நழுவும். பழையதை அச்சாக வைத்து, விரல் பக்கம் மட்டும் 2 மி.மீ., 2 மி.மீ.யாக வெட்டுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், பிறகு மெல்லக் கூட்டலாம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இந்தக் கெட்டித் தகடு ஆகாது. உரசிப் புண்ணானாலும் வலி தெரியாது; அவர்களுக்கு மருத்துவர் பார்த்துச் சொல்லும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மென்மையான ரப்பர்) செருப்புதான் சரி.