மலைக்குக் கொண்டுபோகும் விரல்நுனி ஆக்சிமீட்டர்

இரண்டு ஏஏஏ பேட்டரி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. பையில் இருப்பதே தெரியாது. 3,500 மீட்டருக்கு மேல் இது காட்டும் எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டால்தான் தொல்லை.

660, 940 நானோமீட்டர் ஒளிகளை விரலுக்குள் பாய்ச்சி, ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கருவி கணக்குப் போடுகிறது. அந்தச் சதவீதம்தான் செறிவு. மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மலைவாசிகள் சிலரின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மி.லி. ஆக்சிஜனைப் பிடிக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் இருந்து செறிவு 98% என்றால் 19.7 மி.லி.; 18 கிராம் இருந்து 85% என்றால் 20.5 மி.லி. கருவி எச்சரிப்பதோ இரண்டாமவரை!

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகளின் உடல் ஹீமோகுளோபினைக் கூட்டிச் சமாளிக்கிறது. ஆண்களுக்கு அது 21 கிராமைத் தொட்டால் ரத்தம் கெட்டியாகி மோங்கே நோய் எனப்படும் நாள்பட்ட மலை நோய் வரலாம். திபெத்தியர்களிடம் இபிஏஎஸ்1 மரபணுவின் தனி வடிவம் அந்த ஏற்றத்தை அடக்குகிறது. அழிந்துபோன டெனிசோவன் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்த சொத்து அது என்று 2014இல் தெரியவந்தது. திபெத்தியர்கள் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் கூட்டி ஈடுகட்டுகிறார்கள். அதே உயரத்தில் அவர்களின் செறிவு பெரும்பாலும் ஆண்டிஸ்காரர்களைவிடக் குறைவுதான். ஆக, எண் குறைவாக இருந்தால் உடல் பழகவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

சமவெளியிலிருந்து போகிறவருக்கு 3,500 மீட்டரில் 85 முதல் 90 வரை காட்டுவது சகஜம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்து, வெயில் படாமல் மறைத்து ஒரு நிமிடம் பாருங்கள். 84, 88, 85 என்று எண் ஆடும். நடுவில் நிற்பதைக் குறியுங்கள். ஆழமாக மூச்சிழுத்தால் எண் ஏறும், அது ஏமாற்று வேலை. கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். துல்லியம் ±2 என்று அட்டையில் போட்டிருப்பது பொதுவாக 70க்கு மேல்தான் செல்லும்.

92 காட்டினாலும், புதிதாக ஏறியவருக்குத் தலைவலியோடு குமட்டலும் இருந்தால் மலை நோய்தான் என்று எடுத்துக்கொண்டு ஏற்றத்தை நிறுத்துங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து, எண் கூட வந்தவர்களைவிட மிகவும் கீழே போனால் உடனே இறக்குங்கள்.

வாங்குவதென்றால் நாடியை அலையாகக் காட்டும் மாடல்தான் உருப்படி. அலை சீராக ஓடாதபோது வரும் எண்ணைக் குறிக்கவே வேண்டாம்.